ரேஃப் வோன் வில்லியம்ஸ்: எமது ஞானப்பாட்டுப் புத்தகத்தில் இருந்த மனிதர்

எமது பாடற்குழுவின் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் மேலும் மெட்டின் பெயரும் அதை அமைத்தவரின் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். பாடும்போது அதை நாம் பார்ப்பதில்லை. பாட்டின் இலக்கத்தைத்தான் தேடுவோம். அந்தச் சின்ன எழுத்துகளில் அடிக்கடி வந்த ஒரு பெயர் ரேஃப் வோன் வில்லியம்ஸ். நிறுவுநர் தினத்தில் மண்டபம் அதிர நாம் பாடிய 'ஃபோர் ஓல் த செயின்ட்ஸ்' பாட்டின் மெட்டு இவருடையது. கரோல் இரவில் பாடிய 'ஓ லிட்டில் டவுன் ஒஃப் பெத்லெஹெம்' பாட்டுக்கு ஒரு கிராமத்து மெட்டைக் கண்டெடுத்துப் பொருத்தியவரும் இவரே. இங்கிலாந்தின் மிகச்சிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவரான இவர், கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்று வாழ்ந்தவர் அல்லர் என்பது பள்ளிக் காலத்தில் எமக்குத் தெரியாது.

சங்கத்தின் நூற்றாண்டு மலரில் இவரைப் பற்றி எழுத எண்ணியதற்குக் காரணம் உண்டு. எமது பாடற்குழுவில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் இருக்கவில்லை. நெற்றியில் திருநீற்றுடன் ஆல்ட்டோ வரிசையில் நின்றவர்கள் பலர். வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடிவிட்டுத் திங்கட்கிழமை ஞானப்பாட்டுப் பாடியவர்கள் நாம். இன்று நம்மில் சிலர் எந்தச் சமயத்தையும் சாராதவர்கள். ஆனாலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் லண்டனிலும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தேவாலயத்தில் பாடற்குழு இருந்தால் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். நம்பாமல் எப்படிப் பாடலாம் என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்கிறார்கள். சில இரவுகளில் நாமே எம்மைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கேள்வியோடு 85 வருடங்கள் வாழ்ந்த ஒருவரின் கதை இது.

1872 ஒக்டோபர் 12ஆம் திகதி இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியில் டவுன் அம்ப்னி என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர். பிள்ளைக்கு இரண்டரை வயது ஆகுமுன்பே, 1875இல், தந்தை இறந்துவிட்டார். தாய் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சரே மாவட்டத்திலுள்ள தன் பிறந்த வீட்டுக்குப் போனார். அது வெட்ஜ்வூட் குடும்பத்தின் வீடு. பீங்கான் தொழிலில் உலகப் புகழ் பெற்ற குடும்பம். தாய்வழிப் பாட்டி, உயிரியல் அறிஞர் சார்ள்ஸ் டார்வினின் உடன்பிறந்த சகோதரி. ஆகவே டார்வின் இவருக்குப் பாட்டனார் முறை.

டார்வினின் நூல் பற்றி வீட்டில் பேச்சு அடிபட்டபோது சிறுவன் ரேஃப் தாயிடம் விளக்கம் கேட்டானாம். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று வேதாகமம் சொல்கிறது, பெரியவர் சார்ள்ஸ் அதற்கு இன்னும் அதிக காலம் சென்றிருக்கும் என்கிறார், எப்படியானாலும் உலகம் அதிசயமானதுதான், அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்று தாய் சொல்லி முடித்தாராம். பக்தியுள்ள தாய் அவர். இருந்தும் பிள்ளையின் மனத்தில் பயத்தை விதைக்கவில்லை. வளர்ந்த பிறகு அவர் தேவாலயத்தை விட்டு விலகி நின்றாலும் அதன் மீது கசப்புக் கொள்ளாமல் இருந்ததற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம் என்று எமக்குத் தோன்றுகிறது.

லண்டன் றோயல் இசைக் கல்லூரியிலும் கேம்பிறிஜ் ட்ரினிட்டி கல்லூரியிலும் அவர் கற்றார். கேம்பிறிஜில் படித்த நாட்களில் தான் நாத்திகன் என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தார். வயது ஏற அந்த வேகம் தணிந்தது. கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ அறுதியிட்டுக் கூறாத, மலர்ந்த முகத்துடன் கூடிய ஐயவாதியாக அவர் ஆனார் என்று அவரது வரலாற்றை எழுதிய இரண்டாவது மனைவி ஊர்சுலா பதிவு செய்திருக்கிறார். இப்படிப்பட்டவர் 1895இல் ஏற்ற முதல் உத்தியோகம் எதுவென்றால், தென் லண்டனில் ஒரு தேவாலயத்தில் ஓர்கன் வாசித்துப் பாடற்குழுவைப் பழக்குவது. அந்த வேலை அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் சாதாரண மனிதர்களின் குரல்களைக் கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதை அங்கேதான் கற்றார்.

அதே 1895இல் குஸ்ராவ் ஹோல்ஸ்ற்றைச் சந்தித்தார். ஹோல்ஸ்ற் லண்டனில் சென் போல்ஸ் பெண்கள் பாடசாலையில் 1905 முதல் தன் இறுதிக்காலம் வரை இசை ஆசிரியராக இருந்தவர். பெண்கள் பாடசாலையில் நல்ல இசை ஆசிரியர் ஒருவர் அமைவது எவ்வளவு பெரிய பேறு என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நண்பர்கள் இருவரும் தாம் எழுதியவற்றை ஒருவருக்கொருவர் காட்டி ஒளிவுமறைவின்றித் திருத்திக்கொள்வார்கள். 1934இல் ஹோல்ஸ்ற் இறக்கும்வரை அந்த வழக்கம் தொடர்ந்தது.

1903 டிசெம்பரில் எசெக்ஸ் மாவட்டத்தில் இங்றேவ் என்ற கிராமத்தில் ஒரு முதிய கூலித்தொழிலாளி பாடிய பழைய பாட்டு அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. எழுத்தில் இல்லாமல் வாய்வழியாக வந்த பாட்டு அது. அதன்பின் ஊர் ஊராகச் சென்று வயலில் வேலை செய்பவர்களிடமும் மீனவர்களிடமும் 800க்கும் அதிகமான பாட்டுகளைக் கேட்டு எழுதினார். பாடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. இன்னும் பத்து இருபது வருடம் தாமதித்திருந்தால் பல மெட்டுகள் அவர்களுடனேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

1904இல் பேர்சி டேர்மர் என்ற குருவானவர் அவருடைய வீட்டுக்கு வந்து, புதிய ஞானப்பாட்டுப் புத்தகம் ஒன்றுக்கு இசைப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு ஞானப்பாட்டுகள் பற்றி அதிகம் தெரியாது என்று வோன் வில்லியம்ஸ் தயங்கினார். இரண்டு மாத வேலைதான் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். இரண்டு வருடங்கள் ஆயின. கைச்செலவுக்கு ஐந்து பவுண் போதும் என்றார்கள். அவருக்கு ஏறத்தாழ 250 பவுண் செலவாயிற்று. 'இங்கிலிஷ் ஹிம்னல்' என்ற அந்தப் புத்தகம் 1906இல் வெளிவந்தது.

நம்பிக்கை இல்லாத ஒருவர் எதற்காக இரண்டு வருடங்களையும் சொந்தப் பணத்தையும் கொடுக்க வேண்டும்? வாரந்தோறும் கோடிக்கணக்கான சாதாரண மக்கள் பாடுவது தேவாலயத்தில்தான். பலருடைய வாழ்க்கையில் அதைவிட வேறு இசை இல்லை. அவர்களுக்கு மட்டமான மெட்டைக் கொடுப்பது அறத்துக்கு மாறானது என்று அவர் கருதினார். அந்தக் காலத்தில் மலிந்திருந்த சர்க்கரைப் பாகு மெட்டுகள் பலவற்றை நீக்கினார். பழைய திருச்சபை மெட்டுகளையும், தான் சேகரித்த கிராமத்துப் பாட்டுகளையும் சேர்த்தார். ஏர் உழும் சிறுவனைப் பற்றி சரே மாவட்டத்தில் ஒருவர் பாடிய மெட்டு, பெத்லெகேம் கரோலின் மெட்டாயிற்று. சசெக்ஸில் ஒரு பெண் பாடிய மெட்டு, மோட்ச யாத்திரிகனைப் பற்றிய ஞானப்பாட்டுக்குப் பொருந்தியது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமல்லாமல் சபையில் இருக்கும் எல்லோரும் பாடக்கூடியதாக மெட்டுகளின் சுருதியைத் தாழ்த்தி அமைத்தார்.

அவர் சொந்தமாக அமைத்த மெட்டுகளும் அதில் உண்டு. ஒன்றுக்குத் தான் பிறந்த ஊரின், தன் தந்தை ஊழியம் செய்த ஊரின் பெயரை வைத்தார்: டவுன் அம்ப்னி. தனக்கு முகம் நினைவில் இல்லாத தந்தைக்கு மகன் எழுப்பிய நினைவுக்கல்லாகவே அது எமக்குத் தெரிகிறது. நாம் நிறுவுநர் தினத்தில் பாடிய மெட்டுக்கு அவர் இட்ட பெயர் 'சைனே நொமினே'. இலத்தீனில் அதற்குப் 'பெயரில்லாமல்' என்று பொருள்.

1905இல் லீத் ஹில் இசைவிழா தொடங்கியது. தொடங்கியவர்களுள் அவருடைய சகோதரியும் ஒருவர். சுற்றுவட்டாரக் கிராமங்களின் பாடற்குழுக்கள் பகலில் ஒன்றோடொன்று போட்டியிடும். மாலையில் அதே குழுக்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி ஒரு பெரிய படைப்பைப் பாடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு எல்லா இல்லங்களும் சேர்ந்து கல்லூரிக் கீதம் பாடும் உணர்வு எமக்குத் தெரியுமல்லவா, அது போன்றது. இந்த விழாவை அவர் 1905 முதல் 1953 வரை நடத்தினார். கடைக்காரர், ஆசிரியை, தோட்டக்காரர், வீட்டு வேலை செய்பவர் என்று பலதரப்பட்டவர்களுக்கும் பாக் எழுதிய கடினமான இசையைப் பழக்கினார். பிழை விட்டால் கோபிப்பார், பிறகு உடனே சிரித்துவிடுவார். யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் 'மத்தேயு பாஷன்' இசையை 1931 முதல் டோர்க்கிங் நகரில் தொடர்ந்து நடத்திவந்தார். தான் இறந்த ஆண்டான 1958இலும், 85 வயதில், அதற்குத் தாளம் காட்டினார்.

முதலாம் உலகப் போர் வந்தபோது அவருக்கு 41 வயது. போருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் இராணுவ வைத்தியப் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். 1916இல் பிரான்ஸில், காயப்பட்டவர்களை முன்னரங்கிலிருந்து எடுத்து வரும் அம்புலன்ஸ் பிரிவில் வேலை செய்தார். வைத்தியராக வேலை செய்யும் எமக்கு அவருடைய வாழ்க்கையில் மிக நெருக்கமாகத் தெரியும் பகுதி இதுதான். இசையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், ஏற்கெனவே புகழ் பெற்றவர், சேற்றில் ஸ்ரெச்சர் தூக்கினார். அந்த ஓகஸ்டில், அவரோடு கிராமத்துப் பாட்டுகளைத் தேடித் திரிந்த இளம் நண்பர் ஜோர்ஜ் பட்டர்வேர்த் சொம் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். பின்னர் பீரங்கிப் படையில் அதிகாரியாகவும் இருந்தார். பீரங்கிச் சத்தம் அவருடைய செவிப்புலனைப் பாதித்தது. முதுமையில் கேட்கும் சக்தி வெகுவாகக் குறைந்துவிட்டது.

போன இடமெல்லாம் அவர் செய்த ஒரு வேலை, பாடற்குழு சேர்ப்பது. 1916 கிறிஸ்மஸ் காலத்தில் கிரேக்கத்தில் ஒலிம்பஸ் மலையடிவாரத்தில் சிப்பாய்களைக் கூட்டிக் கரோல் பாடவைத்தார். போர் முடிந்ததும் படைப்பிரிவின் இசைப் பொறுப்பாளராகி, ஊர் திரும்பக் காத்திருந்தவர்களைப் பாடற்குழுக்களாக ஒழுங்கு செய்தார்.

இதை வாசிக்கும்போது எமக்கு 1995 ஒக்டோபர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஓர் இரவில் புறப்பட்ட பிறகு, தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் வகுப்புகள் நடந்தன. பியானோ இல்லை, புத்தகம் இல்லை. நினைவில் இருந்ததைப் பாடினோம். ஒரு குரல் மறந்ததை மற்றக் குரல் பிடித்துக் கொடுத்தது. எம்மோடு ஆல்ட்டோ பாடிய ஒருத்தி அந்த வருடம் தம்பியை இழந்தாள். அதன்பின் அவள் கண் மூடிப் பிரார்த்தித்து நாம் பார்க்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. ஆனால் பாடற்குழுப் பயிற்சிக்கு ஒரு நாளும் வராமல் விட்டதில்லை. அவளுக்கு ஏன் என்று எம்மால் அன்று சொல்லத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆசிரியை கேட்கவுமில்லை, அவளுடைய இடத்தை வரிசையில் அப்படியே விட்டுவைத்தார். அது எவ்வளவு பெரிய கருணை என்பது இப்போது விளங்குகிறது.

போரிலிருந்து திரும்பிய வோன் வில்லியம்ஸ் 1921 அளவில் எழுதி முடித்தது ஜி மைனர் திருப்பலி இசை. வாத்தியம் ஏதுமில்லாமல் இரண்டு பாடற்குழுக்களும் நான்கு தனிக்குரல்களும் பாடுவது. ஹோல்ஸ்றுக்கும் அவருடைய பாடகர்களுக்கும் அதைக் காணிக்கையாக்கினார். 1922 டிசெம்பரில் பேமிங்ஹாமில் முதன்முதலாகப் பாடப்பட்டது. நம்பாதவர் ஒருவர் நல்ல திருப்பலி இசை எழுத முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பதே அவருடைய கருத்து.

இத்தகைய இசையைப் பாடியவர்களுக்குத் தெரியும், அதில் நீண்ட சுரங்கள் வரும். எந்த ஒரு மூச்சிலும் அடங்காதவை. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் மூச்சு எடுக்கும் கணத்தில் பக்கத்தில் நிற்பவர் சுரத்தைத் தாங்குவார். பிறகு அவர் எடுப்பார், இவர் தாங்குவார். கேட்பவருக்கு முறியாத ஒரே ஒலியாக இருக்கும். உதரவிதானம் இறங்கி, நெஞ்சு விரிந்து, சுற்றி நிற்பவர்களின் குரல் எமது எலும்பில் அதிரும் அந்த நேரத்தில் நாம் தனி ஆட்கள் அல்லர். இந்த மகிழ்ச்சியை அடைய விசுவாசப் பிரமாணம் தேவைப்படுவதில்லை. பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்கும் காது தேவைப்படுகிறது. சொற்களும் வெறும் ஓசையல்ல. இரக்கம் வேண்டும், சமாதானம் வேண்டும் என்று கேட்கும் சொற்கள் அவை. யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாதவர்களுக்கும் இரக்கமும் சமாதானமும் வேண்டியிருக்கின்றன.

1936இல் ஹடர்ஸ்ஃபீல்ட் பாடற்சங்கம் தனது நூற்றாண்டைக் கொண்டாட அவரிடம் ஒரு படைப்பைக் கேட்டது. அவர் கொடுத்தது 'டோனா நோபிஸ் பாசெம்': எமக்குச் சமாதானம் தாரும் என்று திருப்பலியில் வரும் இலத்தீன் வேண்டுதலே அதன் தலைப்பு. அதோடு அமெரிக்கக் கவிஞர் வால்ற் விற்மன் போர் பற்றி எழுதிய கவிதைகளையும், வேதாகம வசனங்களையும், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் போருக்கு எதிராக ஆற்றப்பட்ட உரையின் பகுதியையும் ஒன்றாகக் கோத்தார். நூற்றாண்டு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதியிருக்கலாம். அவர் வரப்போகும் போரைப் பற்றி எச்சரித்தார். மூன்று வருடத்தில் அது வந்தது. அப்போது நாஸி ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு டோர்க்கிங்கில் உதவினார். பிரித்தானியாவில் தடுத்துவைக்கப்பட்ட வெளிநாட்டு இசைக்கலைஞர்களை விடுவிக்க உழைத்தார். நாஸி அரசு அவருடைய இசையைத் தடை செய்தது.

வீட்டிலும் அவருக்குச் சுமை இருந்தது. முதல் மனைவி அடெலின் மூட்டுவாதத்தால் நெடுங்காலம் வருந்திச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். அவருடைய வசதிக்காகவே 1929இல் லண்டனை விட்டு டோர்க்கிங்குக்குக் குடிபெயர்ந்தார்கள். 1951இல் அடெலின் காலமானார். அதே ஆண்டில்தான், பல வருடங்களாக உழைத்த 'மோட்சப் பிரயாணம்' இசைநாடகம் லண்டனில் அரங்கேறியது. மூல நூலில் கதாநாயகனின் பெயர் கிறிஸ்தியான். வோன் வில்லியம்ஸ் அதை வெறுமனே 'யாத்திரிகன்' என்று மாற்றினார். எந்த வழியால் நடப்பவரும் அதில் தம்மைக் காண வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

சேர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. 1953இல் எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழாவில், கூடியிருந்த சபையார் அனைவரும் சேர்ந்து பாடுவதற்காகப் பழைய நூறாம் சங்கீத மெட்டை ஒழுங்கமைத்துக் கொடுத்தார். 1958 ஓகஸ்ட் 26ஆம் திகதி லண்டனில் காலமானார். அவருடைய சாம்பல் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் வைக்கப்பட்டது. விசுவாசி என்று ஒருபோதும் வேடமிடாத மனிதரைத் திருச்சபை தன் மிகப் பெரிய ஆலயங்களில் ஒன்றில் ஏற்றுக்கொண்டது. இரு பக்கத்தாருக்கும் அது பெருமை.

சமயத்தின் வேலியை இசை தாண்டுவது எமக்குப் புதிதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இராகங்களில் அமைத்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எமது பிரார்த்தனை மண்டபத்திலேயே பாடியிருக்கிறோம். விசுவாசமுள்ள தோழிகளிடம் நாம் சொல்ல விரும்புவது ஒன்று: உங்கள் பக்கத்தில் நின்று பாடும் நாம் உங்கள் நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை, களவாடவுமில்லை. நீங்கள் மூச்சு எடுக்கும்போது சுரத்தைத் தாங்குகிறோம். விசுவாசத்தை இழந்த தோழிகளிடம் சொல்ல விரும்புவது: அதோடு பாட்டையும் இழக்க வேண்டியதில்லை.

நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகளின் பாடற்குழு மேடையேற இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எத்தனை வருடம் பாடாமல் இருந்தாலும், வந்து உங்கள் பழைய குரல் வரிசையில் நில்லுங்கள். சோப்பிரானோவில் நின்றவர்கள் சிலர் இப்போது ஆல்ட்டோவுக்கு இறங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். யார் எதை நம்புகிறார்கள் என்று வாசலில் நின்று கேட்க ஒருவரும் இல்லை. எம்மைப் பாட வைத்த கல்லூரி அன்னை இன்னும் பல நூறாண்டு வாழ்க!